ரைன்ஹோல்டுக்குப் பக்கத்து இடம்

எங்கள் ஓபர்டாலில் மூன்று குளிர்காலம் தொடர்ந்து ஒரு சாவுகூட விழவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூத்தரன் சபைக்காரர்கள் ஊரில் வழக்கம்போல ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதே குளிர், அதே காற்று, அதே டாக்டர். எங்கள் பக்கம் மட்டும் சாவு எட்டிப் பார்க்கவில்லை. என் பெயர் லோரன்ஸ். ஊருக்குச் சவப்பெட்டி செய்வதும் குழி வெட்டுவதும் நான்தான் என்பதால் இதை முதலில் கவனித்தவனும் நானே. அறுத்து அடுக்கிய பைன் பலகைகள் பட்டறையில் தூசி படிந்து கிடந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு அவற்றைப் போட்டு என் மனைவிக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுத்தேன். எதற்கு வாங்கிய பலகை என்று தெரிந்ததும் அதில் தட்டு அடுக்க மாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தாள்.

இதற்கெல்லாம் காரணம் மால்வீன் ஹெஸ்லர். அவள் நர்ஸ் இல்லை. புண்ணியவதி என்று சொன்னால் அவளே சிரித்திருப்பாள். ஊரில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையல் நடந்த காலத்தில் பதினாறு வயதில் அடுப்படிக்குள் நுழைந்தவள். பிறகு அந்தப் பொதுச் சமையல் நின்று அவரவர் வீட்டில் அடுப்பு வைத்துக்கொண்ட பிறகும் அவளுக்குக் கை சுருங்கவில்லை. புருஷன் ஒருவனுக்குச் சமைக்கவும் அதே பெரிய பாத்திரத்தைத்தான் ஏற்றுவாள். மிச்சத்தை ரைன்ஹோல்ட் மூன்று நாள் வாயைத் திறக்காமல் சாப்பிடுவான். சாப்பிட மட்டும் திறப்பான் என்பது ஊரில் பழைய கிண்டல்.

ரைன்ஹோல்ட் அப்படிப்பட்ட ஆள். பால் பண்ணையில் வேலை. மாடுகளோடு நாள் முழுக்க இருந்தாலும் அவற்றோடும் பேசமாட்டான். ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மால்வீன் பிடுங்கி முடித்து வைப்பாள். "நாளைக்கு மழ..." என்பான். "வராது, காத்து மேக்கால இருந்து அடிக்குது, நீங்க துணியைக் காயப் போடுங்க" என்பாள். அவன் போய்த் துணியைக் காயப்போடுவான். ஐம்பது வருடம் இப்படி ஓடியது. அதில் அவர்களுக்குள் சண்டை என்று நான் கேட்டதில்லை. ஒருவர் மட்டும் பேசினால் சண்டை எங்கிருந்து வரும்.

இனி கல்லறைத் தோட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு மேற்கே சோளக்காட்டு நடுவில் இருக்கிறது. நான்கு பக்கமும் பைன் மரங்கள், தெற்கே ஒற்றை மரக் கதவு. உள்ளே குடும்ப இடம் என்று எதுவும் கிடையாது. சாகிற வரிசையில் புதைப்போம். தலை மேற்கே, கால் கிழக்கே. வடக்கிலிருந்து தெற்காக ஒருவர் பக்கத்தில் ஒருவர். வரிசை முடிந்தால் அடுத்த வரிசை மறுபடி வடக்கிலிருந்து. குழந்தைகளுக்கு மட்டும் ஓரத்தில் தனி வரிசை. கல் எல்லாம் ஒரே அளவு, முழங்கால் உயரம்கூட வராது. பெயரும் செத்த தேதியும் இருக்கும். சபையை நடத்தும் மூப்பராக இருந்தாலும் மாடு மேய்த்தவராக இருந்தாலும் அவ்வளவுதான்.

எங்கள் முன்னோர் ஜெர்மனியில் இருந்தபோது பிரபுவும் பாதிரியும் கோயிலுக்குள்ளேயே பலிபீடத்துக்குப் பக்கத்தில் படுத்தார்களாம். நெசவாளிகளை மழைத்தண்ணீர் தேங்கும் மூலையில் போட்டார்களாம். அந்த ஆத்திரத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவின் அயோவாவில் ஏர் பிடிப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட்டார்கள்: இங்கே யாரும் இடம் கேட்கக் கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது. அதனால்தான் தன் ஆலையை விற்றுச் சபைக்குக் கொடுத்த பெரிய மனிதருக்குப் பக்கத்தில், வைக்கோல் கொட்டகையில் தூங்க வந்து அங்கேயே செத்துப்போன ஊர் பேர் தெரியாத நாடோடி கிடக்கிறான். வேலித் தகராறில் முப்பது வருடம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஒரே ஜுரத்தில் போய் அக்கம்பக்கமாகக் கிடக்கிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கிடப்பது மட்டும் ஒரே ஒரு ஜோடி. அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் நிற்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. டிசம்பர் பிறந்தால் எங்கள் மண் கல்லாகிவிடும், கடப்பாரை இறங்காது. அதனால் நவம்பரிலேயே வரிசைப்படி மூன்று குழி முன்கூட்டி வெட்டி, பலகை போட்டு, மேலே வைக்கோல் பரப்பி வைத்துவிடுவோம். யாருக்கு என்று தெரியாது. குழி வெட்டிய மறுநாள் ஜெபவீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் கொஞ்சம் அன்பாகப் பார்ப்பார்கள். ஆள் வராத குழியை வசந்தத்தில் மண் தள்ளி மூடிவிடுவோம்.

ரைன்ஹோல்ட் ஓர் அக்டோபரில் பால் கேனைத் தூக்கும்போது விழுந்து செத்தான். அவனுக்கு முன்னால் போனவள் பெர்த்தா. கல்யாணம் ஆகாதவள், தையல் வேலை. இளம் வயதில் அவளுக்கு ரைன்ஹோல்ட் மேல் ஒரு கண் என்று ஊரே சொல்லும். அவனுக்கு அது தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் அவன் முடித்துச் சொல்லியிருக்க மாட்டான். வரிசைப்படி ரைன்ஹோல்ட் போய் பெர்த்தாவுக்குப் பக்கத்தில் படுத்தான்.

அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது மால்வீன் நேராக என் அண்ணன் வாலன்டீனிடம் வந்தாள். அண்ணன்தான் அப்போது சபையில் தலை மூப்பர். வரிசை, ஒழுங்கு, முறை என்றால் அவனுக்கு உயிர். அவன் வீட்டில் செருப்புகூட வயசு வரிசையில்தான் நிற்கும்.

"வாலன்டீன், அவருக்கு அந்தப் பக்கத்து எடத்த எனக்கு விட்டு வைங்க."

"மால்வீன், ஒங்களுக்குத் தெரியாததா? நம்ம கிட்ட அப்படி வழக்கம் இல்லியே."

"ஒரு பக்கம்தான் பெர்த்தா பிடிச்சிட்டா. இன்னொரு பக்கமாவது வீட்டுக்காரிக்கு வேணாமா?"

"அடுத்து யாரக் கர்த்தர் கூப்பிடறாரோ அவங்களுக்கு அந்த எடம். நாளைக்கு நானே போனாலும் அங்கதான்."

"நீங்களா?" மால்வீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க கூடப் படுக்க அவரு என்ன பாவம் பண்ணாரு? சரி. விட்டு வைக்க வேணாம். நான் போற வரைக்கும் வேற யாரும் போகாம இருந்தா ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அண்ணன் இதைத் துக்கத்தில் பேசும் பேச்சு என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நவம்பரில் நான் மூன்று குழி வெட்டினேன். முதல் குழி ரைன்ஹோல்டை ஒட்டி.

முதல் பனி விழுந்த மறுநாள் மால்வீன் பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். கல்லீரல் உருண்டை போட்ட கோழி சூப். அதைச் சிறிய சறுக்கு வண்டியில் வைத்து, மேலே போர்வை சுற்றி, வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனாள். யாருக்கு இருமல், யாருக்கு மூட்டு வீக்கம், யார் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள் என்று எல்லாம் விசாரித்தாள். அடுப்புச் சாம்பலை வாளியில் கொண்டுவந்து கிழவர்கள் வீட்டுப் படிகளில் வழுக்காமல் தூவினாள். காரை வேகமாக ஓட்டும் பையன்களை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டினாள். பக்கத்து வீட்டு ஸெல்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது மால்வீன் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீ ரொம்ப நல்லவ, மால்வீன்," என்று ஸெல்மா கண் கலங்கினாள்.

"நல்லவளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போய்ப் பக்கத்துல படுத்தா அவரு காதுல விடிய விடியத் தொணதொணப்ப. அவரால தாங்க முடியாது. வாயத் தொற, மருந்தக் குடி."

ஸெல்மாவுக்குக் கோபத்திலேயே ஜுரம் இறங்கியது. எழுந்ததும் ஊர் முழுக்கப் போய் இதைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மால்வீன் செய்வது எல்லோருக்கும் விளங்கியது. யாருக்கும் வருத்தமில்லை. சூப் நன்றாக இருந்தது. இளவட்டங்கள் அவளைக் கண்டால் வேண்டுமென்றே இருமுவார்கள். "மால்வீனம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு, இன்னிக்குப் போயிரலாமான்னு பாக்கறேன்" என்பான் ஒருவன். "போய்ப் பாரு, கால ஒடிக்கிறேன்" என்பாள்.

நானே ஒருநாள் கேட்டேன். "சரி மால்வீன், நாங்க எல்லாம் எது வரைக்கும் உயிரோட இருக்கணும்?"

"நான் போற வரைக்கும்."

"அது எப்போ?"

"எனக்கு அவசரம் இல்ல," என்றாள். "ஒனக்கு ஏதாவது வேல இருக்கா?"

என் அண்ணனுக்கு மட்டும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. முறைப்படி பார்த்தால் அவள் எந்த விதியையும் மீறவில்லை. நோயாளிக்குச் சூப் கொடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் மனசுக்குள் வேறு கணக்கோடு கொடுக்கலாமா? அவன் இதை என்னிடம் இரண்டு மூன்று முறை விவாதித்தான். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் கிடையாது. அவனுக்கே ஜனவரியில் வயிறு கெட்டு மால்வீன் சறுக்கு வண்டியோடு வந்து நின்றபோது வாயைத் திறந்து குடித்துவிட்டான்.

முதல் வசந்தத்தில் மூன்று குழியையும் மூடினேன். இரண்டாவது, மூன்றாவது வசந்தத்திலும் மறுபடி மூடினேன். வெட்டுவதும் மூடுவதுமாக என் இடுப்புதான் போயிற்று.

இவள் வேலையில் பெரிய வேலை கொன்ராட். தொண்ணூறைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ஊர் ஒயின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்யும் ஒயின் அவர் கைபட்டால் தனி ருசி. மனைவி போய் நாற்பது வருடம். இரண்டு பிள்ளைகளும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். காது இரண்டும் முழுசாக அடைத்துவிட்டது. உடம்பு வற்றி, படுக்கையில் கிடந்தால் போர்வைக்குக் கீழே ஆள் இருக்கிறாரா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஓபர்டாலில் அடுத்தது யார் என்று யாரைக் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அதனால் மால்வீன் அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டாள். காலையில் அவர் அடுப்பை மூட்டுவாள், மதியம் ஊட்டுவாள், சாயங்காலம் காலுக்குச் சூடான செங்கல் வைத்துப் போர்த்துவாள். முதல் குளிர்காலத்தில் ஒருமுறை டாக்டரே கையை விரித்துவிட்டார். அவள் விடவில்லை. அடுத்த இரண்டு குளிர்காலத்திலும் அப்படியே. ஊரில் இதை அதிசயமாகப் பேசினார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான்காவது குளிர்காலம், பிப்ரவரி. கொன்ராட் வீட்டு ஜன்னல் சட்டம் விரிசல் விட்டுக் காற்று வருகிறது என்று மால்வீன் என்னைக் கூப்பிட்டாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டத்தைச் சீவிக்கொண்டிருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். கொன்ராட் வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

"தொறங்க பெரியவரே. ஆறிப்போகுது."

அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டாலும் திறந்திருக்க மாட்டார். பிறகு அவராகப் பேசினார். காது கேட்காதவர்களுக்கு வழக்கமாக உள்ள சத்தம் அன்று அவர் குரலில் இல்லை.

"மால்வீன், என்னைய விட்ரு."

"என்னா பேச்சு இது. ஒரு வாய் குடிங்க."

"மூணு வருஷமா குடிக்கிறேன். நல்ல சூப்புதான், நான் குறை சொல்லல. ஆனா ஒவ்வொரு நாளும் கண்ணு முழிச்சா அய்யோ இன்னிக்குமான்னு இருக்கு. பொஞ்சாதி இல்ல, புள்ளைங்க இல்ல. யாரு பேசறதும் காதுல விழல. எதுக்கு நான் கெடக்கறேன்? ஒரு குழிக்காக நீ என்னைய இழுத்துப் பிடிச்சிட்டிருக்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? காதுதான் போச்சு, கண்ணு போகல."

நான் சீவுவதை நிறுத்திவிட்டேன். மால்வீன் முகம் சிவந்துபோயிற்று. கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும், யாரும் முடிக்கும் முன்பே முடித்துவிடுவாள். அன்று கரண்டியால் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

கொன்ராட் போர்வைக்கு வெளியே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பயப்படாத. என்னப் பாரு, எவ்வளவு எடத்த அடைக்கப் போறேன்? வத்தலாட்டம் இருக்கேன். நீ இந்தப் பக்கம் வந்து படுத்துக்க. என்னையத் தாண்டி ரெண்டு பேரும் பேசிக்குங்க. எனக்குத்தான் காது கேக்காதே."

சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கரண்டியைக் கிண்ணத்துக்குள் போட்டு, கிண்ணத்தை ஜன்னல் திட்டில் என் பக்கத்தில் வைத்தாள். "இத நீ குடிச்சிடு, லோரன்ஸ்," என்றாள். பிறகு திரும்பிப் போய் அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "சரி பெரியவரே, போய்ட்டு வாங்க," என்று உரக்கச் சொன்னாள். "அந்த எடம் ஒங்களுக்குத்தான்." அவள் வாயசைவைப் பார்த்து அவர் தலையாட்டினார்.

நான் அந்தச் சூப்பைக் குடித்தேன். குடிக்காமல் இருந்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகும் அவள் தினமும் அங்கே போனாள். அடுப்பை மூட்டினாள், காலுக்குச் செங்கல் வைத்தாள், அவர் கேட்டால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான். மற்றபடி பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னினாள். கொன்ராட் அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்று வருடம் கழித்து ஜெபவீட்டு மணி சாவுக்கு அடித்தது. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் மால்வீன் வீட்டைத்தான் பார்த்தார்கள்.

பெட்டிக்குப் பலகை தேடி அலமாரியைப் பிரிக்க வேண்டியிருக்குமோ என்று என் மனைவி பயந்தாள். தேவைப்படவில்லை. அவருக்குச் சின்னப் பெட்டிதான்.

அடக்கத்தன்று காலையில் குழியைத் திறந்து வைக்க அண்ணனும் நானும் மண்வாரிகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முழங்காலளவு பனி. ரைன்ஹோல்டின் கல்லில் நுனி மட்டும் தெரிந்தது. நான் அதை ஒட்டிப் பனியை வாரத் தொடங்கினேன்.

"இங்க இல்ல," என்றான் அண்ணன். ஓர் ஆள் இடம் தள்ளிப் போய் நின்றான். "இங்க வாரு."

"அது ரெண்டாவது குழி."

"இதுதான் மொதக் குழி."

"நானே வெட்டினேன், எனக்குத் தெரியாதா? மொதக் குழி இது, ரைன்ஹோல்டுக்குப் பக்கத்துல."

"பனியில ஒண்ணும் தெரியல, லோரன்ஸ்."

நிமிர்ந்து பார்த்தேன். சபை முன்னால் நிற்கும்போது இருக்கும் அதே முகம்தான். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை, பைன் மரங்களைப் பார்த்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிரில்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து நான் அவனை அறிவேன். ஒரு செருப்பு இடம் மாறி இருந்தால் தூக்கம் வராத மனிதன்.

"ஆமா," என்றேன். "பனியில ஒண்ணும் தெரியல."

இரண்டாவது குழியின் மேலிருந்த பனியை வாரி, வைக்கோலை விலக்கி, பலகைகளை எடுத்தோம். முதல் குழியின் மேல் பனியைச் சமமாகத் தட்டிவிட்டேன். எனக்கு அவன் மேல் அவ்வளவு அன்பு அதற்கு முன் வந்ததில்லை. திரும்பும்போது அவன் மண்வாரியையும் நானே சுமந்தேன்.

மதியம் ஊரே வந்தது. கொன்ராடுக்கு உறவு யாரும் இல்லாததால் பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக மால்வீன் நடந்தாள். கறுப்புச் சால்வை, கனத்த பூட்ஸ். கதவைத் தாண்டி வரிசையோரம் வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வரிசையை எண்ணத் தெரியாதவர் ஓபர்டாலில் கிடையாது. ரைன்ஹோல்டின் கல், அதற்குப் பக்கத்தில் வெறும் பனி, அதற்கும் பக்கத்தில் திறந்த குழி. ஒருவரும் முகம் மாறவில்லை. ஸெல்மாகூட வாயைத் திறக்கவில்லை, அது அவள் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் என்பேன். நாங்கள் நால்வர் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கயிற்றைக் கோத்தோம்.

"நில்லுங்க," என்றாள் மால்வீன்.

நின்றோம்.

"வாலன்டீன், குழி தப்பு."

"பனி ரொம்ப இருந்துச்சு, மால்வீன். காலையில ஒண்ணும் தெரியல."

"இது அவரு பக்கத்துக் குழி இல்ல. நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு."

அண்ணன் தொண்டையைச் செருமினான். பிறகு எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரலில், "தப்பாவே இருந்துட்டுப் போகட்டுமே," என்றான்.

மால்வீன் அந்தப் பனித் திட்டைப் பார்த்தாள். ஓர் ஆள் படுக்கிற அகலம், அவ்வளவுதான். மூன்று வருடமாக அவள் ஊரைக் கட்டி இழுத்தது அந்த அகலத்துக்காகத்தான். அவள் சரி என்று தலையை ஆட்டினால் போதும், அதுகூட வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும், அது அவளுக்கு என்று ஆகிவிடும். ஆட்டிவிடு, ஆட்டிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் அப்படித்தான் ஆச," என்றாள் அவள். எல்லோருக்கும் கேட்டது. "ஆனா அந்த எடத்த நான் கொன்ராடுக்குக் குடுத்துட்டேன். அவரு சரின்னு வாங்கிட்டாரு. நாளைக்கு எந்திரிச்சி, ஏம்மா குடுத்துட்டுப் பறிச்சிட்டியேன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

சொல்லிவிட்டு முன்னால் போய் மண்டியிட்டு வெறும் கையால் பனியை வாரத் தொடங்கினாள். பிறகு அண்ணன் தன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே மண்டியிட்டு அவனும் வாரினான். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் இடம் கொடுக்க முடியாது. அதை அவனைவிட அழுத்தமாகச் சொன்னவர் யாரும் இல்லை. அன்று அவன் அவளைத் திருத்தவில்லை. நான் அழுதேன், என்னோடு கயிறு பிடித்திருந்தவர்களும் அழுதார்கள். அடக்கத்தில் அழுவது எங்கள் வழக்கம் இல்லை.

கொன்ராடை ரைன்ஹோல்டுக்குப் பக்கத்தில் இறக்கினோம்.

அதற்குப் பிறகு மால்வீன் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தாள். சூப் எடுத்துக்கொண்டு போவதை விடவில்லை. ஆனாலும் ஆட்கள் போகத்தான் செய்தார்கள், அவளும் பழையபடி மல்லுக்கட்டவில்லை. அவள் போனபோது கொன்ராடோடு சேர்த்து நடுவில் நான்கு பேர் ஆகியிருந்தார்கள். வரிசைப்படி ஐந்தாவது இடத்தில் அவளை வைத்தோம்.

கொன்ராடை அடக்கம் செய்த அன்று எல்லோரும் காப்பிக்கு முன்னால் போய்விட, நான் மண்ணைத் தள்ளி முடிக்கும் வரை மால்வீன் எனக்காகக் காத்திருந்தாள். சேர்ந்து நடந்தோம். கை விறைத்துப்போயிருந்தது என்று சால்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே தடை இல்ல," என்றாள். "யாரு வேணும்னாலும் சாகலாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் நான் தூவிவைத்திருந்த சாம்பல் மேல் நின்று பூட்ஸைத் தட்டினாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து அவரு பக்கத்துலதான் தூங்கினேன், லோரன்ஸ்," என்றாள். "வேற ஆளுக்குப் பக்கத்துல எனக்குத் தூக்கமே வராது."

சறுக்கு வண்டியில் கிடந்த பெரிய பாத்திரத்தை உள்ளே தூக்கி வைக்கட்டுமா என்று கேட்டேன்.